பட்டறைக்காரனும் ரோட்டுக்காரனும்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதிதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, சொல்லாமல் விட்டால்தான் வெட்கம். திருச்செங்கோட்டுக்கு வெளியே, நாமக்கல் ரோட்டின் மேல் இருக்கும் என் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லோரும் என்ஜினியர்கள். அவர்கள் இனி எழுதப்போகும் ஒவ்வொரு புது வெப் அப்ளிகேஷனையும் எந்தக் கருவியைக் கொண்டு சோதித்துப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தவன் நான். அவர்கள் மூன்று மாதமாகக் கூடிக் கூடிப் பேசியும் முடியாததை ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானத்தில் முடித்துக் கொடுத்தேன். எப்படி முடித்தேன் என்பதை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். அதில் என் தப்பும் ஒன்று இருக்கிறது. அதையும் என்னைவிட நன்றாக வேறு யாராலும் சொல்ல முடியாது.

நான் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ராடு தூக்கினவன். போர் போடும்போது பூமிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் இரும்புக் குழாய்தான் ராடு. அந்த வேலையில் ஊர் பேர் தெரியாத தேசமெல்லாம் சுற்றினேன். கல் மாவு பறந்து பறந்து புருவம், மீசை, இமை எல்லாம் வெள்ளையாகிவிடும். கம்ப்ரசர் சத்தத்தில் காது அடைத்துப்போய், பக்கத்தில் நிற்பவன் வாய் அசைவது மட்டும் தெரியும். அந்த வெள்ளைப் புகைக்கு நடுவில் திடீரென்று மாவு ஈரமாகும், களிமண் நிறத்தில் வழியும், பிறகு தண்ணீர் ஆளுயரத்துக்கு எழும்பும். இன்றைக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் கண் அசந்தால் எனக்கு வருவது அந்தத் தண்ணீர்தான். சத்தமே இல்லாமல் எழும்பும், என் மேல் ஒரு சொட்டும் படாமல் திரும்ப மண்ணுக்குள் போகும்.

பிறகு சொந்த வண்டி வாங்கினேன். ஒன்று மூன்றாகி, மூன்று பதினொன்றாயிற்று. எந்தத் தோட்டத்தில் எந்த இடத்தில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று வண்டிக்காரர்கள் எழுதிவைக்கும் நோட்டு நனைந்துபோகும், கிழிந்துபோகும், டீக்கடையில் தொலைந்துபோகும். இதை போனிலேயே எழுதினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. படித்தவன் யாருக்கும் தோன்றவில்லை, எனக்குத்தான் தோன்றியது. நாலு பிள்ளைகளை வைத்து எழுத ஆரம்பித்தேன். என் வண்டிகளுக்கு எழுதியதை அடுத்த முதலாளிகள் கேட்டார்கள். அப்புறம் லாரிக்காரர்கள், கோழிப்பண்ணைக்காரர்கள். அப்படி ஆனதுதான் இந்தக் கம்பெனி.

எழுதினால் மட்டும் போதாது, எழுதியது ஓடுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். ஒரு இடத்தில் திருத்தினால் இன்னொரு இடத்தில் உடையும். மனிதரே உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்ப்பது ஆகிற காரியமில்லை. அதனால் பார்ப்பதற்கே ஒரு கருவி வைத்திருக்கிறார்கள், டெஸ்டிங் பிரேம்வொர்க் என்று பேர். நாம் சொல்லிக்கொடுத்த சோதனைகளை அது தானாகச் செய்யும். சரியாக இருந்தால் பச்சை, தப்பாக இருந்தால் சிவப்பு.

முதன்முதலில் அது வேலை செய்வதைப் பார்த்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி காலியாக இருந்தது. திரையில் பக்கம் திறந்தது. பேர் எழுதும் இடத்தில் எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது. ஊர், அடி, தேதி. பொத்தான் தானாக அமுங்கியது. அடுத்த பக்கம் திறந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வண்டிக்காரர் வந்து உட்கார்ந்து, பொறுமையாக, சலிக்காமல், இல்லாத தோட்டங்களில் இல்லாத போர்களைப் போட்டுக்கொண்டிருந்தார். வெளியே வெயிலில் திருச்செங்கோட்டு மலை தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிந்துகொண்டிருந்தது. நான் அரை மணி நேரம் நின்றபடியே பார்த்தேன்.

அதைக் காட்டியது ஒரு பெண். தம்மம்பட்டிக்காரி, ராசிபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் சோதனை வேலைக்கெல்லாம் அவள்தான் தலைவி. அவளுக்கு வந்த கஷ்டத்தில்தான் இந்தக் கதையே இருக்கிறது.

எங்களிடம் ஆறு அப்ளிகேஷன்கள் இருந்தன, ஆறுக்கும் ஆறு விதமான சோதனைக் கருவி. எழுதியவன் எவனோ, அவனுக்குப் பிடித்ததை மாட்டிவிட்டுப் போயிருந்தான். போனவர்கள் வேலையை விட்டும் போய்விட்டார்கள். ஆறும் தெரிந்த ஒரே ஆள் அவள். எங்கே சிவப்பு வந்தாலும் அவளுக்குத்தான் போன். அவள் தங்கை கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். முகூர்த்தப் பட்டுப்புடவையோடு, மண்டபத்தில் சாப்பாட்டு வரிசைக்குப் பின்னால், அடுக்கிவைத்த நாற்காலிகளுக்கு நடுவில் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். தாலி கட்டும் மேளம் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. பார்த்தவன் நான்தான், கூப்பிட்டதும் என் கம்பெனிதான்.

இப்போது அவள் மாசமாக இருந்தாள். தாய்வீட்டார் கட்டுச்சோறு கொண்டுவந்து பிரசவத்துக்குத் தம்மம்பட்டிக்குக் கூட்டிப்போக மாதம் குறித்தாகிவிட்டது. ஒருநாள் என் அறைக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றாள்.

"அய்யா, எங்க வீட்டுக்காரர் ஒண்ணு சொல்லிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் ஆபீஸ் போன் வந்துச்சுன்னா, அத்தோட வேலைய விட்டுடணுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னங்க சொல்றது? அவர் சொல்றது நியாயந்தான். ஆனா எனக்கு இந்த வேலைய விட மனசில்லைங்க. நான் போறதுக்குள்ள ஒரே கருவின்னு முடிவு பண்ணுங்க. புதுசா எது எழுதினாலும் அதுலதான்னு வெச்சிடலாம். எல்லாருக்கும் தெரிஞ்சது ஒண்ணு இருந்தா என்னைக் கூப்பிட வேண்டியதில்ல. பழசு ஆறையும் நான் போறதுக்குள்ள அதுக்கே மாத்தி எழுத ஏற்பாடு பண்ணிடறேன்."

இதை அவர்கள் டிஃபால்ட் என்கிறார்கள். எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ரிக் வண்டியில் பாறையைத் துளைக்கும் ஆறரை இஞ்ச் பிட் எப்போதும் மாட்டியே இருக்கும். தோட்டக்காரர் எதுவும் சொல்லாவிட்டால் ஆறரை. வேறு வேண்டுமென்றால் அவர் வாய் திறந்து கேட்க வேண்டும், நாங்களும் ஏன் என்று கேட்போம். அவ்வளவுதான் டிஃபால்ட். அடுத்த நாள் எல்லோரையும் கூட்டிவைத்து இதைச் சொன்னேன். அத்தனை பேரும் எழுதிக்கொண்டார்கள்.

எந்தக் கருவி என்பதில்தான் சண்டை. ஒன்றுக்கு அவள். இன்னொன்றுக்கு புரோகிராம் எழுதுகிறவர்களின் தலைவன், சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரன், தினமும் பஸ்ஸில் வந்து போகிறவன், வாய் ஓயாதவன். இரண்டு கருவிக்கும் இங்கிலீஷ் பேர். எனக்கு வாயில் நுழையவில்லை. நானே பேர் வைத்தேன். அவன் சொன்னது உண்மையான பிரௌசரைத் திறக்காது. பக்கத்தை மனசுக்குள்ளேயே கட்டிவைத்துக்கொண்டு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும். வண்டியைப் பட்டறைக்குள் நிறுத்தி என்ஜினை மட்டும் ஓட்டிப் பார்ப்பதுபோல. அது பட்டறைக்காரன். அவள் சொன்னது உண்மையான பிரௌசரைத் திறந்து, போன் அளவுக்குச் சுருக்கி, மனிதர் அமுக்குவதுபோலவே அமுக்கிப் பார்க்கும். வண்டியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கே போய்விடும். அது ரோட்டுக்காரன். ஒரு வாரத்தில் கம்பெனி முழுக்க இந்தப் பேர்தான் சொன்னார்கள்.

"அய்யா, என்னோடது இருபது விநாடியில முடிஞ்சிரும்" என்றான் செவ்வாய்ப்பேட்டைக்காரன். "இந்தம்மா சொல்ற ரோட்டுக்காரன் இருபது நிமிசம். அதுக்குள்ள நான் எங்கூருக்குப் போயி மாசத்து மளிகையே கட்டிட்டு வந்துருவேன்."

"போங்க, போயிட்டு வாங்க" என்றாள் அவள். "வரும்போது எனக்கும் ரெண்டு கிலோ உளுந்து கட்டிட்டு வாங்க. அதுக்குள்ள உங்க பக்கத்துல எத்தன பொத்தான் வேல செய்யலன்னு நான் எழுதி வெக்கிறேன்."

"என் பக்கத்துல பொத்தானெல்லாம் பத்திரமா இருக்குது, நீங்க உங்க வளையல எண்ணுங்க."

சிரித்தார்கள். ஒவ்வொரு கூட்டமும் இப்படிச் சிரிப்போடுதான் கலைந்தது. மூன்று மாதம் ஆகியும் முடிவு வரவில்லை. கட்டுச்சோற்றுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு காவிரிக் கரையில் இருக்கும் ஜேடர்பாளையம் போனேன். பெரிய காரியம் எதையும் நான் தண்ணீர் ஓரத்தில்தான் யோசிப்பேன். தடுப்பணையில் தண்ணீர் கண்ணாடிபோல் நின்று, விளிம்புக்கு வந்ததும் வெள்ளையாக உடைந்து கீழே போனது. மேலே இருக்கும் வரை அதற்கு விழப்போவது தெரியாது. காற்றில் மீன் வறுக்கும் வாசனை. பரிசல் ஒன்று நடு ஆற்றில் சுற்றிக்கொண்டே இருந்தது, எங்கும் போகிற மாதிரி தெரியவில்லை. எனக்கு அரைத் தூக்கம். பச்சைப் புள்ளிகள் தண்ணீர் மேல் வரிசையாக மிதந்து வருகின்றன, நான் எண்ணுகிறேன், எண்ணி முடியவில்லை.

"என்னத்த அப்படி ரோசன?" என்றாள் வீட்டுக்காரி.

சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

"ரெண்டையும் ஒரு நல்ல நாள்ல ஓட்டிப் பாத்தாத் தெரிஞ்சு போச்சு. புது வண்டி எடுத்தா என்ன பண்ணுவீங்கோ?"

"அதத்தான் நானும் நெனச்சேன்."

"நெனச்சீங்கோ, நெனச்சீங்கோ. நாஞ் சொன்ன பொறகுதான எப்பவும் நெனப்பீங்கோ. மீன் ஆறுது, தின்னுங்கோ."

புது வண்டி எடுத்தால் நாங்கள் செய்வது இதுதான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், தேங்காய், சூடம். அதெல்லாம் எல்லோரும் செய்வது. எங்கள் தொழிலில் இன்னொன்று உண்டு. புது வண்டியின் முதல் போர் வறண்டு போகக்கூடாது. போனால் அந்த வண்டிக்கு ராசியில்லை என்று பேர் வந்துவிடும், டிரைவர்கூட ஏற யோசிப்பான். அதனால் முதல் போரைத் தண்ணீர் இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்த இடத்தில்தான் போடுவோம். கிணறு வற்றாத தோட்டமாகப் பார்த்து, கிணற்றுக்குப் பத்தடி தள்ளி. தண்ணீர் வரும், எல்லோரும் கைதட்டுவோம். பதினொரு வண்டிக்கும் அப்படித்தான் செய்தேன், பதினொன்றும் நன்றாகத்தான் ஓடின.

இந்த வழக்கத்தை ஆபீசுக்குள்ளும் நான் கொண்டுவந்திருந்தேன். எந்த அப்ளிகேஷன் புதிதாக வந்தாலும் நல்ல நாள் பார்த்து, ஹாலில் பெரிய திரைக்கு மாலை போட்டு, எல்லோரும் சுற்றி நிற்க முதல் சோதனை ஓட்டம். அன்றைக்குத் திரையில் சிவப்பு தெரியக் கூடாது. இது நான் போட்ட சட்டம். ஒவ்வொரு தடவையும் பச்சையாகத்தான் வந்தது. என் கை ராசி என்று நினைத்தேன், பலரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் இரண்டு கருவியையும் ஓட்டினோம். ரிக் வண்டிக்காரர்கள் போர் விவரம் எழுதும் அப்ளிகேஷனின் புதுப் பதிப்பின் மேல். முதலில் பட்டறைக்காரன். சூடத் தட்டைக் கீழே வைப்பதற்குள் முடிந்துவிட்டது, எல்லாம் பச்சை. அடுத்து ரோட்டுக்காரன். பிரௌசர் திறந்தது, மூடியது, திறந்தது. பொங்கலைத் தின்றுகொண்டு பார்த்தோம். பச்சை, பச்சை, பச்சை. கடைசி வரை பச்சை.

கை தட்டினார்கள். நான் தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். இரண்டும் ஒரே பதிலைச் சொல்கின்றன. ஒன்று இருபது விநாடி, ஒன்று இருபது நிமிஷம். அப்புறம் இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"பட்டறைக்காரனையே வெச்சுக்கலாம்" என்றேன்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். அவள் மட்டும் மாலை போட்ட திரை முன்னால் நின்றாள். வயிற்றில் ஒரு கை வைத்திருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. உடம்புக்கு முடியவில்லையோ என்று பயந்து கிட்டே போனேன்.

"ஏஞ் சாமி, என்ன பண்ணுது?"

"அய்யா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"என்ன?"

"ரோட்டுக்காரன் நேத்து ஏழு இடத்துல சிவப்புக் காட்டுச்சு. இன்னைக்கு நல்ல நாள்னு அந்த ஏழு சோதனையையும் நான் எடுத்து ஓரமா வெச்சிட்டேன்."

நான் தேங்காய் மூடியைக் கீழே வைத்தேன்.

"இன்னைக்கு மட்டுமா?"

"இல்லைங்க. ஒவ்வொரு தடவையும். எல்லாருமே அப்படித்தான் பண்ணுவோம். முதல் ஓட்டத்துல சிவப்பு வரக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்க இல்ல. அப்புறமா திரும்பச் சேர்த்துக்கலாம்னு வெப்போம். சில சமயம் மறந்தும் போயிடும்." அவள் கண் கலங்கியது. "இன்னைக்கு அது எனக்கே வினையாப் போச்சு. சிவப்பு காட்டறதுதான் அதோட கெட்டிக்காரத்தனம். அதையே நான் மறைச்சிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். பதினொரு கிணற்றோரங்களும் கண் முன்னால் வந்தன. அந்த முதல் போர்களில் நான் என்ன கண்டுபிடித்தேன்? கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்பதைத் தவிர ஒன்றுமில்லை. வண்டி நல்ல வண்டியா என்று எனக்குத் தெரிந்தது, பத்தாவது போரில் கருங்கல்லில் மாட்டிக்கொண்டு அது முக்கித் திணறிய அன்றைக்குத்தான். இது எனக்குத் தெரியாததில்லை. தெரிந்ததைக்கூட நினைத்துப் பார்க்காமல் சட்டம் போட்டுவிட்டேன்.

"செவ்வாய்க்கெழம மூணு மணிக்கு மறுபடி ஓட்டறோம்" என்றேன். "எடுத்து வெச்சது அத்தனையும் உள்ள போடு."

"அய்யா, செவ்வாய்க்கிழமை மூணு மணி ராகு காலம்."

"தெரியும் சாமி. தெரிஞ்சுதான் சொல்றேன்."

வீட்டில் இதைச் சொன்னபோது வீட்டுக்காரி சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். "ராகு காலத்துல கடைக்கு உப்பு வாங்கக்கூடப் போகமாட்டீங்கோ. இப்ப ஊரக் கூட்டி வெச்சுக் கம்ப்யூட்டர ஓட்டப் போறீங்களாக்கும்" என்றாள். ஆனாலும் தடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை திரைக்கு மாலை இல்லை, சூடம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. ரோட்டில் போகும் லாரிகள் சத்தம் மட்டும் வந்தது, லாரி தெரியவில்லை. மின்விசிறிக்குக் கீழே எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பட்டறைக்காரன் ஓடினான். மறுபடியும் எல்லாம் பச்சை. செவ்வாய்ப்பேட்டைக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

ரோட்டுக்காரன் ஆரம்பித்தான். பக்கம் திறந்தது, எழுத்து விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த வண்டிக்காரர் ஊரை எழுதினார், அடியை எழுதினார். பிறகு நின்றார். காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். திரையில் சிவப்பு வந்தது.

"என்ன சிவப்பு?" என்றேன்.

அவள் சிவப்பின் மேல் அமுக்கினாள். ஒரு படம் பெரிதாகத் திறந்தது. எந்த இடத்தில் மாட்டிக்கொண்டதோ அந்த நிமிஷத்தில் பக்கம் எப்படி இருந்தது என்று ரோட்டுக்காரனே எடுத்துவைக்கும் படம். சின்னப் போன் அளவுத் திரை. பேர், ஊர், அடி எல்லாம் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, 'பதிவு செய்' பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில், என் முகம்.

என் போட்டோதான். வெள்ளைச் சட்டை, சந்தனம், சிரித்த முகம். பழைய பதிப்பிலிருந்தே ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் படம் போட்ட பட்டை ஒன்று இருக்க வேண்டும் என்று நானே சொல்லியிருந்தேன். ரிக் தொழிலிலிருந்து வந்து இப்படி ஒரு கம்பெனி நடத்துகிறவன் வேறு யார் இருக்கிறார்கள், முகம் தெரிய வேண்டாமா? பெரிய போனில் பட்டை பொத்தானுக்குக் கீழே அடக்கமாக நின்றது. சின்னப் போனில் பொத்தானின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. ஏழு சிவப்பும் அதுதான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது என்னோடு ராடு தூக்கின என் பழைய கூட்டாளி. இன்னும் என் ரிக் வண்டியில்தான் போகிறான், வடக்கே எங்கேயோ கேம்ப். இரண்டு மாதமாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தான்: "ஏனுங்ணா, எல்லாம் எழுதிப்போடறனுங்க, கடைசில பதியற பொத்தானத்தான் காணமுங்க." நான் என்ன சொன்னேன்? "கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாரு" என்றேன். அன்று எல்லோர் முன்னாலும் அவனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏப்பா, பொத்தான் கெடச்சிருச்சு. எம் மூஞ்சிக்குப் பின்னால இருந்துச்சு."

பின்னால் கம்ப்ரசர் ஓடியது.

"நாங்கூட நெனச்சனுங்ணா. மூஞ்சியத் தட்டித் தட்டிப் பாத்தனுங்க. முதலாளி மூஞ்சில ரொம்பத் தட்டறோமேன்னு உட்டுட்டனுங்க."

அப்போதுதான் ஹால் சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் நாற்காலியில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் நான் அதோடு முடிவு சொல்லவில்லை. அவசரப்பட்டவன் ஒரு தடவை மாட்டிக்கொண்டால் போதும். செவ்வாய்ப்பேட்டைக்காரனைக் கேட்டேன்.

"உன்ற பட்டறைக்காரன் ஏன் இதச் சொல்லல?"

"அவனுக்குப் பொத்தான் இருக்குதான்னு தெரியுமுங்க. மேல என்ன உக்காந்திருக்குதுன்னு தெரியாது. அவன் கண்ணு இல்லாத ஆளுங்க, கணக்கு மட்டும் சுத்தமாப் பார்ப்பான்."

நேர்மையாகச் சொன்னான், அவனை எனக்குப் பிடிக்கும். "சரி, அவனையும் ஒரு தடவ சிவப்புக் காட்டச் சொல்லு. ஏதாவது ஒண்ண வேணும்னே ஒடச்சு வெய்யி" என்றேன். அடியை மீட்டராக மாற்றும் இடத்தைத் தப்பாக்கி ஓட்டினான். சிவப்பு வந்தது. திரை நிறைய இங்கிலீஷ் எழுத்து, வரி மேல் வரி. அதில் எனக்குப் புரிந்தது என் கம்பெனி பேர் ஒன்றுதான். வந்து மூன்று மாதமான ஒரு பெண்ணைக் கூப்பிட்டு இது என்ன என்று கேட்டேன். படித்தாள், மறுபடி படித்தாள். "அக்காவைக் கேட்டுச் சொல்றேங்கய்யா" என்றாள். அக்கா என்றது தம்மம்பட்டிக்காரியை.

அங்கேதான் எனக்குத் தெளிந்தது. வேகமும் கணக்கும் ஒரு பக்கம் இருக்கட்டும். நாங்கள் தேடிக்கொண்டிருந்தது அக்காவைக் கேட்காமல் சிவப்பைப் புரிந்துகொள்ள ஒரு வழியை. படத்தைக் காட்டினால் எனக்கே புரிகிறது. ஐந்தாம் வகுப்பில் பாதி படித்தவனுக்குப் புரிகிற சிவப்பு, என்ஜினியர் படித்தவர்களுக்குப் புரியாதா? அத்தனை பேர் மூன்று மாதம் தேடிய அளவுகோல் நான்தான். இதை நான் பெருமையாகவே சொல்கிறேன்.

"இனிமே புதுசா எந்த வெப் அப்ளிகேஷன் எழுதினாலும் ரோட்டுக்காரன்தான்" என்றேன். "பட்டறைக்காரன் உள்ள கணக்குப் பாக்கறதுக்கு மட்டும் இருக்கட்டும், பெரிய ஆள் ரோட்டுக்காரன். வேற ஏதாச்சும் வேணுங்கறவன் ஏன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுக்கோணும். நல்ல நாள்ல ஓட்டலாம், மாலையும் போடலாம். ஆனா ஒரு சோதனையும் ஓரமா எடுத்து வெக்கக் கூடாது. சிவப்பு வந்தா வரட்டும்."

"இருபது நிமிசம்?" என்றான் செவ்வாய்ப்பேட்டைக்காரன்.

"நாலு கம்ப்யூட்டர்ல பிரிச்சு ஓட்டினா ஆறு நிமிஷந்தான்" என்றாள் அவள். இதை மூன்று மாதமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தாளாம், அன்றுதான் என் காதில் விழுந்தது.

"ஆறு நிமிசத்துல மளிக கட்ட முடியாதே" என்றான் அவன்.

என் படத்தை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. நானே முதல் பக்கத்துக்கு மேலே ஏற்றச் சொன்னேன். அங்கே பொத்தான் எதுவுமில்லை.

அடுத்த பத்து நாளும் அவள் ரோட்டுக்காரனை எல்லோருக்கும் பழக்கினாள். மத்தியானங்களில் நான் ஹாலின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். நாலு திரையிலும் நாலு காலி நாற்காலிக்கு முன்னால் பக்கங்கள் திறந்து திறந்து மூடும். பழைய ஆறு அப்ளிகேஷன்களும் ஒவ்வொன்றாக அதற்குள் வந்தன. அவள் குரல் எங்கோ தூரத்தில் பேசிக்கொண்டிருக்கும். கண் மூடினால் தண்ணீர், திறந்தால் பச்சை. இடையிடையே சிவப்பு வரும். படத்தைத் திறந்து பார்ப்பார்கள், திருத்துவார்கள். ஐந்து அப்ளிகேஷன்தான் முடிந்தது. ஆறாவது, கோழிப்பண்ணைக்காரர்களுடையது, மாறாமல் நின்றது. கட்டுச்சோற்று நாள் வந்துவிட்டது. வண்டி ஏறும்போதுகூட அவள் என்னிடம் சொன்னது, "அந்த ஆறாவது" என்றுதான்.

"நீ போ சாமி. ராசிபுரத்துக்காரர் முன்னால என்னத் தலகுனிய வெச்சிராத" என்றேன். அவள் வீட்டுக்காரர் அதைக் கேட்டு வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார்.

அவள் போன அந்த வாரமே ஆறாவதில் சிவப்பு வந்தது. ரோட்டுக்காரன் இல்லாத ஒன்று, படம் கிடையாது, எழுத்துதான். வந்து மூன்று மாதமான அந்தப் பெண் போனைக் கையில் எடுத்ததை நான் பார்த்தேன். நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். போனை வைத்துவிட்டாள். செவ்வாய்ப்பேட்டைக்காரனும் அவளும் நாற்காலியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பக்கத்துக்கு மட்டும் ரோட்டுக்காரனில் ஒரு சோதனை எழுதி ஓட்டினார்கள். மாலைக்குள் படம் வந்தது. முட்டை எண்ணிக்கை எழுதும் கட்டத்தில் தேதி போய் உட்கார்ந்திருந்தது. திருத்தினார்கள். அன்று அவன் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைத்தான் பிடித்தான். ஆறாவதையும் அவர்களே மாற்றி முடித்தார்கள், மூன்று வாரம் ஆயிற்று.

ஒரு மத்தியானம் எனக்குப் போன் வந்தது. அவள்தான்.

"அய்யா, நல்லாருக்கீங்களா? ஆபீஸ் ஓடுதுங்களா?"

"ஓடாம என்ன?"

"இல்லைங்க, இருவத்திரண்டு நாளா ஒரு போன் இல்ல. எங்க வீட்டுக்காரர் தெனமும் சாயங்காலம் கேக்கறார், இன்னைக்கும் வரலையான்னு. எனக்குத்தான் என்னமோ போல இருக்கு. சிவப்பே வரலீங்களா?"

"வந்துச்சு. ஒம்போது தடவ."

"ஒம்போதா! யார் பார்த்தாங்க? அந்த ஆறாவது என்ன ஆச்சு? படத்தைக் கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்களேன், நான் ஒரு தடவ..."

"அனுப்ப மாட்டேன்."

"அய்யா!"

"உன்ற நாற்காலி அப்படியே கெடக்குது. யாரையும் உக்கார உடல. பொறந்து, தவழ்ந்து, நீ எப்ப வாரேன்னு சொல்றியோ அப்ப வந்து பாத்துக்க. இப்பப் பாக்க வேண்டியதில்ல."

தம்மம்பட்டியில் மழை போலிருக்கிறது, ஓட்டில் விழும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப நான் நிஜமாவே தூங்கலாம்ங்களா?" என்றாள்.

"தூங்கு சாமி."

ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், ஆறாவதைப் பற்றித்தான், பாதியில் குரல் இழுத்துக்கொண்டு போனது. மழைச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் அம்மா போனை எடுத்தார்.

"பேசிக்கிட்டே கண்ணு சொக்கிடுச்சுங்க அவளுக்கு. எதாச்சும் சொல்லணுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். "எழுப்பாதீங்க."